துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால் நடப்பது என்ன?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார் என்ற செய்தி வந்ததும் இந்நாட்டில் இரண்டு குரல்கள் எழும். "குண்டர்தானே, போகட்டும்" என்பது ஒன்று. "இது அப்பட்டமான கொலை" என்பது இன்னொன்று. காப்பிக் கடையிலும் சாவு வீட்டிலும் இவை இரண்டும்தான் மோதிக் கொள்கின்றன. இந்தியர் வீடுகளில் ஒரே சாப்பாட்டு மேசையில் அப்பா ஒன்று சொல்வார். மகன் வேறொன்று சொல்வான்.

இரு தரப்பாரும் கேட்பது உண்மையில் ஒரே கேள்விதான். சுட்ட போலீஸ்காரர் குற்றவாளியா, இல்லையா? அதற்குப் பதில் தேட நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அந்தப் போலீஸ்காரரை அந்த இடத்தில், அத்தனை நெருக்கத்தில், சுடுவதைத் தவிர வேறு வழி தெரியாதவராகக் கொண்டுபோய் நிறுத்தியது எது? அவருக்குக் கற்றுக் கொடுக்கப்பட்டது என்ன, கற்றுக் கொடுக்கப்படாதது என்ன? இதை யாரும் கேட்பதில்லை. தோட்டா வெளியேறும் அந்த நொடியைப் பற்றி மாதக்கணக்கில் வாதாடுகிறார்கள். அதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களைப் பற்றியும் ஐந்து ஆண்டுகளைப் பற்றியும் பேச்சே இல்லை.

ஷா ஆலாமில் நடந்ததை எடுத்துக் கொள்வோர் இன்றும் பலர் உண்டு. 2010 ஏப்ரல் 26ஆம் தேதி விடியற்காலை, 14 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் தன் அக்காளின் காரை எடுத்துக் கொண்டு நண்பனுடன் வெளியே போனான். உரிமம் ஓட்டும் வயது இல்லை. வழியில் இன்னொரு காரை உரசிவிட்டுப் பயந்து வேகமெடுத்தான். ரோந்துக் கார் துரத்தியது. வீட்டுக்கு அருகிலேயே அவன் தலையில் குண்டு பாய்ந்து இறந்தான். காரைப் பின்பக்கமாக ஓட்டிப் போலீசாரை மோதப் பார்த்தான் என்பது போலீஸ் தரப்பு விளக்கம். கூட இருந்த நண்பனும் குடும்பத்தாரும் அதை மறுத்தார்கள்.

நாடே கொந்தளித்தது. உள்துறைத் துணையமைச்சர் தலைமையில் சிறப்புக் குழு அமைக்கப்பட்டது. சுட்ட காப்ரல் மீது வழக்குப் போடப்பட்டது. 2011இல் ஷா ஆலாம் செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2012இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதி செய்தது. மூன்று நீதிமன்றங்கள், மூன்று ஆண்டுகள். முடிவில் ஒரு தாய்க்கு மகன் இல்லை. ஒரு காப்ரலின் வாழ்க்கை கலைந்து போயிற்று. ஓடும் காரை நோக்கிச் சுடலாமா, கூடாதா என்ற கேள்விக்கு மட்டும் ஊரறியப் பதில் கிடைக்கவில்லை. அந்தத் தண்டனை நின்றிருந்தாலும் அந்தக் கேள்விக்கு அது பதிலாகி இருக்காது.

நியூயார்க் போட்ட ஒரு விதி

இதே கேள்விக்கு நியூயார்க் நகரப் போலீஸ் 1972இலேயே பதில் எழுதியது. அங்கும் ஒரு சிறுவன்தான் காரணம். திருட்டுக் கார் சம்பவம் ஒன்றில் 11 வயதுப் பையன் போலீஸ் குண்டுக்கு இரையானான். அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய கட்டளை வந்தது. காரில் இருப்பவர் காரைத் தவிர வேறோர் ஆயுதத்தால் உயிருக்கு ஆபத்து விளைவித்தாலொழிய, ஓடும் வாகனத்தை நோக்கிச் சுடக்கூடாது. கார் உங்கள் மீது வந்தால் விலகி நில்லுங்கள். அவ்வளவுதான் விதி.

கேட்பதற்குக் கோழைத்தனமாகத் தோன்றலாம். கொஞ்சம் யோசித்தால் கணக்குப் புரியும். ஓடும் காரின் டயரைச் சுடுவது சினிமாவில் எளிது. நிஜத்தில் சக்கரம் சுழல்கிறது, கார் குலுங்குகிறது, சுடுபவரின் கையும் நடுங்குகிறது. தொடர்ந்து சுடும்போது துப்பாக்கியின் வாய் மேல்நோக்கி எழும்புகிறது. கீழே வைத்த குறி மேலே போய் ஆளைத் துளைக்கிறது. சரி, குறி தப்பாமல் ஓட்டுநர் மீதே பட்டது என்று வைத்துக் கொண்டாலும் கார் நின்றுவிடுமா? ஒரு டன் எடையுள்ள இரும்பு, ஓட்ட ஆளில்லாமல், அடுத்த வீட்டு வேலியைத் தேடிப் போகும். காரை எண் தகட்டை வைத்து மறுநாள் பிடிக்கலாம். அந்த ஷா ஆலாம் கார் எங்கே போய்விடப் போகிறது? அது அக்காளின் கார்.

விதியோடு மட்டும் நியூயார்க் நின்றுவிடவில்லை. வெடித்த ஒவ்வொரு தோட்டாவையும் மேலதிகாரிகள் குழு ஒன்று பரிசீலிக்கும் முறையும் வந்தது. யாரும் காயப்படாவிட்டாலும் கணக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் போலீஸ் படையிலேயே 16 ஆண்டுகள் பணியாற்றிப் பின்னர் பேராசிரியரான ஜேம்ஸ் ஃபைஃப் என்பவர் இதன் விளைவை ஆராய்ந்தார். துப்பாக்கிச் சூடுகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தன. போலீசார் கைகள் கட்டப்பட்டு அவர்கள் அதிகமாகச் சாவார்கள் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்களே, அதுவும் நடக்கவில்லை. காயமடைந்த, உயிரிழந்த போலீசாரின் எண்ணிக்கையும் குறைந்தது.

1971இல் அந்நகரப் போலீசாரின் குண்டுக்கு 93 பேர் இறந்தார்கள். 2010இல் 8 பேர். இடையில் நகரமும் மாறிற்று, குற்றமும் பெருமளவு குறைந்தது. ஒரே விதிக்கு அத்தனை பெருமையையும் கொடுப்பது நியாயமாகாது. பின்னாளில் லாரியைக் கூட்டத்துக்குள் ஏற்றும் பயங்கரவாதம் வந்தபோது அதற்கு மட்டும் விதிவிலக்குச் சேர்த்தார்கள். ஆனாலும் ஓடுகிற காரைக் கண்டதும் கை துப்பாக்கிக்குப் போகாத ஒரு தலைமுறைப் போலீசாரை அந்த விதி வளர்த்தது.

சட்டம் சொல்வது

மலேசியச் சட்டம் இதில் பின்தங்கி இருக்கிறது என்று நினைத்தால் அது தவறு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கைது செய்யும்போது ஒருவர் எதிர்த்தால் தேவையான எல்லா வழிகளையும் போலீசார் பயன்படுத்தலாம் என்கிறது. உடனே அடுத்த உட்பிரிவில் ஒரு கடிவாளம் போடுகிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை போன்ற மிகக் கடுமையான தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் போக்கும் உரிமையை இந்தப் பிரிவு தரவில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. இந்தியச் சட்டத்திலும் இதுபோன்ற வாசகம் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆயுதமின்றித் தப்பியோடுபவனை, அவன் பிறருக்கு ஆபத்தானவன் என்று நம்பக் காரணம் இல்லாதபோது சுட்டுக் கொல்லக் கூடாது என்று சொல்ல 1985 வரை காத்திருந்தது. மெம்பிஸ் நகரில் வேலி ஏறித் தப்பப் பார்த்த 15 வயதுப் பையனைப் பின்னாலிருந்து சுட்ட வழக்கு அது.

ஆக, தப்பியோடுபவனைச் சுடும் உரிமை மிகக் குறுகியது. நடைமுறையில் துப்பாக்கிச் சூடுகள் நியாயப்படுத்தப்படுவது வேறொரு வாசல் வழியாக. அதுதான் தண்டனைச் சட்டத்தின் தற்காப்பு உரிமை. உயிருக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் இருந்தால், கொல்லும் அளவுக்கும் தற்காத்துக் கொள்ளலாம். இது எல்லா மனிதர்க்கும் உரியது, போலீசாருக்கும் உரியது. எனவே "தாக்க வந்தார்" என்ற வரி அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வரி உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சாட்சி இல்லாத இரவில், அதைச் சொல்ல உயிரோடு இருப்பது ஒரு தரப்பு மட்டுமே.

2013 ஆகஸ்டில் பினாங்கு சுங்கை நிபோங்கில், அடுக்குமாடி வீடு ஒன்றில் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஐவரும் இந்தியர்கள். அதே மாதத்தில்தான் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டு, உறுப்பினர்களில் 71 விழுக்காட்டினர் இந்தியர் என்றது. அந்த ஒரு எண் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். சாலைத் தடுப்பில் நிற்கும் போலீஸ்காரரின் மனத்திலும் அது பதிகிறது; மோட்டார் சைக்கிளில் வரும் பையனின் மனத்திலும் பதிகிறது. ஒருவர் கை இடுப்புக்குப் போகிறது. மற்றவன் வண்டியைத் திருப்பி ஓடப் பார்க்கிறான். ஓடுவதே குற்றத்துக்கு அத்தாட்சியாகி விடுகிறது.

2025 நவம்பரில் மலாக்கா டுரியான் துங்காலில், செம்பனைத் தோட்டத்தில் மூன்று இந்தியர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். பாராங்கால் தாக்கினார்கள் என்றது போலீஸ். குடும்பத்தார் மறுத்தார்கள். டிசம்பரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அதைக் கொலைக் குற்றப் பிரிவின் கீழ் விசாரிக்கும்படி பணித்தது. யார் சொல்வது உண்மை என்பதை இந்த மேடை தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. ஆனால் பாராங் என்ற சொல் வந்துவிட்டதால் அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

பாராங்குக்கும் துப்பாக்கிக்கும் இடைப்பட்ட தூரம்

பாராங் விளையாட்டுப் பொருள் இல்லை. 2024 மே 17ஆம் தேதி அதிகாலை ஜொகூர் உலு திராம் போலீஸ் நிலையத்துக்குப் பாராங்குடன் வந்த ஒருவன் இரண்டு இளம் போலீஸ்காரர்களைக் கொன்றான். மூன்றாமவர் காயமடைந்தார். அவன் பின்னர் சுட்டு வீழ்த்தப்பட்டான். அந்த இரு குடும்பங்களும் அழுத அழுகையை மறந்துவிட்டுப் போலீசாருக்கு அறிவுரை சொல்ல எவருக்கும் யோக்கியதை இல்லை. போலீஸ்காரரின் பயம் உண்மையான பயம். அந்தப் பயத்தைக் கொண்டு என்ன செய்வது என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்பதே விஷயம்.

1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டிப் போலீஸ் பயிற்றுநர் டென்னிஸ் டியூலர் ஒரு சோதனை செய்து கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடிவரும் ஆள் 21 அடியை, அதாவது ஏறக்குறைய ஆறரை மீட்டரை, ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறத்தாழ அதே நேரம் ஆகும். ஆகவே எச்சரிக்கையாக இருங்கள், மறைவிடம் தேடுங்கள், விலகி நில்லுங்கள் என்பதே அவர் சொல்ல வந்தது. நாளடைவில் என்ன ஆயிற்று? பயிற்சிக் கூடங்களில் அது "21 அடி விதி" ஆகிவிட்டது. 21 அடிக்குள் கத்தியோடு ஒருவன் இருந்தால் சுடலாம் என்று அர்த்தம் திரிந்தது. விலகி நிற்கச் சொன்ன பாடம், சுடுவதற்கு அனுமதிச் சீட்டாக மாறிப் போனது. பயிற்சி என்பது இப்படியும் கெட்டுப் போகும்.

ஸ்காட்லாந்தில் பெரும்பாலான போலீசாரிடம் துப்பாக்கியே இல்லை. கத்தியோடு நிற்பவர்கள் அங்கே குறைவா என்றால் இல்லை. 2015 நவம்பரில் அமெரிக்கப் போலீஸ் தலைவர்கள் ஒரு குழுவாக அங்கே போய்ப் பயிற்சியைப் பார்த்தார்கள். கத்திக்காரன் முன்னால் வந்தால் அங்குள்ள போலீஸ்காரர் பின்னால் நகர்கிறார். பின்வாங்குவது அவமானம் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இடையில் ஒரு காரையோ மேசையையோ வைத்துக் கொள்கிறார். கேடயம் வரக் காத்திருக்கிறார். ஒருவர் மட்டும் பேசுகிறார், மற்றவர்கள் கத்துவதில்லை. தூரம் கூடினால் நேரம் கூடும். நேரம் கூடினால் வேறு வழி பிறக்கும்.

அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த போலீஸ் நிர்வாகிகள் ஆய்வு மன்றம் என்ற அமைப்பு 2015இல் அமெரிக்கப் போலீஸ் துறைகளிடம் ஒரு கணக்கெடுத்தது. புதிதாகச் சேருபவருக்குத் துப்பாக்கிப் பயிற்சி பொதுவாக 58 மணி நேரம். தற்காப்புப் பிடிகளுக்கு 49 மணி நேரம். பதற்றத்தைத் தணிக்கும் முறைக்கு 8 மணி நேரம். இந்த எண்களைப் பார்த்த பிறகு அங்கே ஏன் அத்தனை பேர் சுடப்படுகிறார்கள் என்று வியப்பதில் அர்த்தமில்லை. சுத்தியலை மட்டும் பழக்கியவன் கண்ணுக்கு ஆணிதான் தெரியும்.

2016இல் அந்த அமைப்பு புதிய பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தது. தூரம், மறைவிடம், நேரம், பேச்சு ஆகியவையே அதன் அடிப்படை. கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரப் போலீசார் அனைவருக்கும் அது அளிக்கப்பட்டு, சின்சினாட்டிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளைவை அளந்தார்கள். பலப்பிரயோகச் சம்பவங்கள் 28 விழுக்காடு குறைந்தன. பொதுமக்கள் காயமடைவது 26 விழுக்காடு குறைந்தது. போலீசார் காயமடைவது 36 விழுக்காடு குறைந்தது. கடைசி எண்ணைக் கவனியுங்கள். இந்தப் பயிற்சியால் அதிகம் பயனடைந்தவர்கள் போலீசாரே. இதே லூயிவில் போலீஸ்தான் 2020இல் ஒரு வீட்டைச் சோதனையிடப் போய் ஒரு பெண்ணின் மரணத்துக்குக் காரணமாகி உலகம் முழுவதும் பேசப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தெருவில் நிற்பவருக்குக் கொடுத்த பயிற்சி, நள்ளிரவில் கதவை உடைக்கத் திட்டமிட்ட மேலதிகாரியின் தவற்றைச் சரிசெய்யாது.

மேலதிகாரியின் தவற்றுக்கு என்ன செய்வது? இலண்டனில் ஒரு வழக்கு அதற்கு வழி காட்டியது. 2005 ஜூலை 22ஆம் தேதி ஸ்டாக்வெல் ரயில் நிலையத்தில், தற்கொலைத் தாக்குதல்காரர் என்று தவறாக எண்ணி, பிரேசில் நாட்டு மின்பணியாளர் ஒருவரைப் போலீசார் தலையில் பலமுறை சுட்டுக் கொன்றார்கள். குண்டுவெடிப்புகளில் நகரம் நடுங்கிக் கொண்டிருந்த நேரம். சுட்டவர்கள் மீது வழக்கு இல்லை. அவர்கள் உண்மையாகவே நம்பிச் சுட்டார்கள் என்று கருதப்பட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. வேலை இடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தொழிற்சாலைக்குப் போடும் அதே சட்டத்தின் கீழ், இலண்டன் மாநகரப் போலீஸ் துறையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. வீட்டை விட்டு வெளியே வருபவரை அங்கேயே நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தும் ஆயுதப் பிரிவு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. அவர் பேருந்தில் ஏறினார், ரயிலிலும் ஏறினார். கடைசியில் ஓடிவந்தவர்களுக்கு யோசிக்க நொடிகள்தான் மிச்சம். 2007இல் நடுவர் குழு, துறை குற்றவாளி என்றது. அபராதம் 175,000 பவுன், வழக்குச் செலவு 385,000 பவுன்.

அபராதத் தொகை பெரிதல்ல. அதுவும் மக்கள் வரிப் பணத்திலிருந்தே போனது. இறந்தவர் குடும்பம் அதனால் ஆறுதல் அடையவில்லை. ஆனாலும் விசையை இழுத்த விரலை மட்டும் பார்க்காமல், அந்த விரலை அங்கே கொண்டு வந்த திட்டத்தையும் கட்டளையையும் ஒரு நீதிமன்றம் விசாரித்தது என்பது சாதாரண காரியம் இல்லை.

மலேசியாவில் அப்படி விசாரிக்க ஆசைப்பட்டால் முதலில் ஒரு சுவரில் போய் முட்ட வேண்டியிருக்கிறது. போலீசார் எப்போது துப்பாக்கியை எடுக்கலாம், எப்போது சுடலாம் என்பதை விவரிப்பவை தேசிய போலீஸ் படைத் தலைவரின் நிரந்தர உத்தரவுகள். அவை பொதுமக்களுக்கு வெளியிடப்படுவதில்லை. வழக்கறிஞர்களும் மனித உரிமை அமைப்புகளும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். சுடப்படக் கூடியவருக்கு எந்த விதியின் கீழ் சுடப்படுவார் என்று தெரியாது. சுடும் போலீஸ்காரருக்கும் இதனால் நன்மை இல்லை. விதிப்படி நடந்தேன் என்று அவர் ஊருக்கு எடுத்துச் சொல்ல முடியாது. உளவு வேலை சம்பந்தப்பட்ட பகுதிகளை மறைக்கட்டும். ஓடும் காரைச் சுடலாமா என்பதில் என்ன இரகசியம் இருக்கிறது? நியூயார்க் தன் விதியை அச்சிட்டு வெளியிடுகிறது. அங்கே குற்றவாளிகள் அதைப் படித்துக் கொண்டு நகரைப் பிடித்துவிடவில்லை.

முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் சைடின் தலைமையிலான அரச ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகளைத் தந்தது. சுயேச்சையான புகார் ஆணையம் வேண்டும் என்பது அவற்றில் அதிகம் பேசப்பட்டது. அது பெயர் மாறி, வடிவம் மாறி, பல் பிடுங்கப்பட்டு, 2022இல் சட்டமாகி, 2023 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. தண்டனை விதிக்கும் அதிகாரம் அதற்குத் தரப்படவில்லை. அந்தச் சட்டம் நிறைவேறியபோது, நிரந்தர உத்தரவுகளுக்கு உட்பட்ட செயல்கள் ஆணையத்தின் விசாரணை வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டன. வழக்கறிஞர் மன்றம் இதைக் கண்டித்தது. அதாவது, பார்க்க முடியாத உத்தரவுகள். அவற்றின்படி நடந்ததாகச் சொன்னால் கேட்க முடியாத ஆணையம். பதினெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு கிடைத்தது இது.

எஞ்சியிருப்பது மரண விசாரணை நீதிமன்றம். 2014 முதல் இதற்கெனத் தனி நீதிமன்றங்கள் இயங்குகின்றன. காவலில் இறந்தால் விசாரணை கட்டாயம். வீதியிலோ தோட்டத்திலோ சுடப்பட்டு இறந்தவர்க்கு அப்படிக் கட்டாயம் இல்லை. குடும்பத்தார் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இது தெரியாது. இறுதிச் சடங்கு முடிந்ததும் அழுது ஓய்ந்துவிடுகிறார்கள்.

விசாரணை நடக்குமானால் குடும்பத்தின் சார்பில் வழக்கறிஞர் ஒருவர் அமர முடியும். வழக்கமாக அவர் கேட்பது எத்தனை குண்டு, எந்தக் கோணம், எவ்வளவு தூரம் என்பதே. அத்துடன் இன்னும் சிலவற்றையும் நீதிபதியிடம் கேட்கும்படி குடும்பத்தார் அவரிடம் சொல்லலாம். சுட்டவர் கடைசியாக எப்போது துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்? கத்தி வைத்திருப்பவரைச் சுடாமல் மடக்கும் பயிற்சி அவருக்கு எத்தனை மணி நேரம் தரப்பட்டது? அன்றிரவு அந்த வேலைக்குத் திட்டம் போட்டவர் யார், அதில் ஆட்களை உயிரோடு பிடிப்பதற்கு என்ன ஏற்பாடு இருந்தது? கேடயம் ஏதும் வண்டியில் இருந்ததா?